மூச்சுக்குத் துணை நிற்கும் கைகள்

உண்பதை நாம் அறிந்து செய்கிறோம். நடப்பதை அறிந்து செய்கிறோம். மூச்சு விடுவதை மட்டும் பெரும்பாலும் அறியாமலேயே செய்து வருகிறோம். நிமிஷத்துக்கு 15 முறை என்று வைத்துக் கொண்டால், ஒரு நாளில் நாம் விடும் மூச்சு 21,600 ஆகிறது. இந்த எண் தமிழர்க்குப் புதியதன்று. சித்தர் மரபும் யோக மரபும் இதே கணக்கைத்தான் கூறி வந்திருக்கின்றன. சிதம்பரத்துப் பொன்னம்பலத்தின் கூரையில் வேய்ந்துள்ள பொன் ஓடுகள் 21,600 என்றும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சைக் குறிப்பன என்றும் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூச்சை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே அவ்வளவு பழைமையானது.

ஆனால் அந்த எண்ணிக்கை தடுமாறத் தொடங்கினால் என்ன செய்வது? மூச்சு முட்டுகிறவனுக்கு மூச்சை எப்படி ஊட்டுவது? இக்கேள்விகளுக்கு விடை காணும் கலை, மருத்துவத்தில் ஒரு தனித் துறையாக உருப்பெற்றது சென்ற நூற்றாண்டில்தான். அதனைச் சுவாச சிகிச்சை என்று வழங்குகிறோம். மருத்துவர், செவிலியர் ஆகியோருடன் சேர்ந்து, நோயாளியின் மூச்சு ஒன்றையே தம் பொறுப்பாகக் கொண்டு கட்டிலருகே நிற்பவர்கள் சுவாச சிகிச்சையாளர்கள். அவர்களாக வரப்போகும் மாணவர்களுக்கு முதன்முதலில் எவற்றைக் கற்றுக் கொடுக்கிறார்கள், ஏன் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பதை இங்கே காண்போம்.

மாணவர்களின் கைகளால் எத்தகைய காரியம் ஆகக்கூடும் என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1952-ஆம் ஆண்டுக் கோடையில், டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு நாள்தோறும் நோயாளிகள் வந்து குவிந்தனர். அவர்களுள் பலருக்கு மூச்சுத் தசைகளும், விழுங்கும் தசைகளும் செயலற்றுப் போயின. அந்நாளில் இத்தகையோருக்கு உதவியாக இருந்தது, உடலை உள்ளே வைத்து மூடும் ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெரிய பெட்டி. அப்பெட்டி அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்பின்மேல் பொருத்தும் சிறு கருவிகள் ஆறு இருந்தன. கருவி வைத்துச் சிகிச்சை செய்த முதல் 31 பேரில் 27 பேர் மாண்டு போயினர்.

அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் அழைக்கப்பட்டார். இறந்தவர்களின் இரத்தச் சோதனைக் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். இரத்தத்தில் காரத்தன்மை மிகுந்துவிட்டதென்றே மற்றவர்கள் கருதியிருந்தனர். இப்சனோ, வெளியேற வேண்டிய கரியமில வாயு வெளியேறாமல் தேங்கி நின்றதே கேட்டுக்குக் காரணம் என்று கண்டார். பிராணவாயுவை மட்டும் கொடுத்தால் போதாது. காற்று உள்ளே போய் வெளியே வரும் போக்குவரவும் நடைபெற வேண்டும் என்பது அவருடைய முடிவு. 1952 ஆகஸ்டு 27-ஆம் நாள், மரணத்தின் வாயிலில் இருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் செருகி, அதனோடு ஒரு ரப்பர் பையை இணைத்து, கையால் பிழிந்து காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள்.

ஒரு சிறுமிக்கு ஒரு மருத்துவர் பை பிழியலாம். ஒரே சமயத்தில் எழுபது பேருக்கு யார் பிழிவது? இரவும் பகலும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பிழிய வேண்டும். அதற்கு மாணவர்களை அழைத்தனர். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து அமர்ந்தனர். அவர்கள் கையால் பை பிழிந்த நேரம் மொத்தம் 1,65,000 மணி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு அதில் பாதியளவாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் நாம் காணும் பிரிவு, அந்த மாணவர்களின் கைகளிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அவர்கள் கற்றுக் கொண்ட பாடம் நீண்டதன்று. பையை எவ்வாறு பிடிப்பது, எவ்வளவு பிழிவது, எப்போது விடுவது, நோயாளியின் முகத்தில் எதைக் காண்பது, இவ்வளவுதான். ஆயினும் இச்சிறு பாடத்தைச் செவ்வையாகச் செய்வதற்கும், ஏதோ செய்வதற்கும் இடையேதான் ஓர் உயிர் இருந்தது. இன்றும் சுவாச சிகிச்சைப் பயிற்சியின் அடிப்படை இதுவே. கருவிகள் மாறியிருக்கின்றன, ஆனால் அளவறிந்து செயற்படும் கைக்கும், ஊன்றிக் காணும் கண்ணுக்கும் உள்ள மதிப்பு மாறவில்லை. புதிதாக வரும் மாணவன் செய்யும் தவறுகளைப் பார்த்தால், பெரும்பாலானவை குறைவாகச் செய்ததால் விளைந்தவையாக இரா. அச்சத்தாலும் அவசரத்தாலும் அளவுக்கு மிஞ்சிச் செய்ததால் விளைந்தவையாகவே இருக்கும். ஆதலால் அவன் படிக்க வேண்டிய பாடங்கள் எல்லாம் ஒரு வகையில் அளவைப் பற்றிய பாடங்களே.

முதற் பாடம் கண்ணுக்குரியது. மாணவனிடம் எந்தக் கருவியையும் கொடுக்காமல், நோயாளியின் மார்பைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுவதும் மூச்சை எண்ணச் சொல்வார்கள். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்குவது எளிது; ஆனால் மூச்சு ஒழுங்கற்று இருக்கும்போது அக்கணக்கு ஏமாற்றிவிடும். வளர்ந்தவர் ஓய்வில் இருக்கையில் நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விடுவது இயல்பு. குழந்தைகளின் கணக்கு வேறு. இருமலோ மூச்சுத் திணறலோ உள்ள குழந்தைக்கு, பிறந்து இரண்டு மாதம் நிரம்புவதற்கு முன் நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டுக்குள் 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேலும் மூச்சு ஓடினால், அது நிமோனியாவின் அறிகுறியாக இருக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்துள்ளது. கையில் ஒரு கடிகாரம் தவிர வேறெதுவும் இதற்கு வேண்டுவதில்லை.

எண்ணுவதோடு நில்லாமல், மூச்சு எவ்வளவு பாடுபட்டு வருகிறது என்பதையும் மாணவன் பார்க்கக் கற்கிறான். மூக்கின் துவாரங்கள் விரிகின்றனவா, விலாவெலும்புகளின் இடுக்கு உள்வாங்குகிறதா, கழுத்துத் தசைகள் புடைக்கின்றனவா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா, உதடு நீலம் பாரித்திருக்கிறதா என்றெல்லாம் கவனிக்க வேண்டும். இவற்றுள் ஒன்று மிக நுட்பமானது. வேகமாக மூச்சு வாங்கிக் கொண்டிருந்த நோயாளி திடீரென்று அமைதியடைந்து, மூச்சும் மெதுவாகிவிட்டால், குணமாகிவிட்டார் என்று அனுபவமற்றவன் மகிழ்வான். அனுபவமுள்ளவனோ, நோயாளி களைத்துப் போய்விட்டார், இனித் தாமதிக்கலாகாது என்று உடனே மருத்துவரை அழைப்பான்.

இரண்டாவது பாடம் பிராணவாயுவைப் பற்றியது. பிராணவாயு நன்மை செய்வது. ஆகவே எவ்வளவு கொடுத்தாலும் நல்லதே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பயிற்சியின் தொடக்கத்திலேயே இவ்வெண்ணத்தை மாற்றிவிடுவார்கள். பிராணவாயு ஒரு மருந்து. மருந்துக்கு அளவு உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் அது ஏறக்குறைய 21 சதவீதம் உள்ளது. மூக்கில் வைக்கும் இரட்டைக் குழாய் வழியே நிமிஷத்துக்கு 1 முதல் 6 லிட்டர் வரை கொடுக்கலாம். வாயையும் மூக்கையும் மூடும் சாதாரண முகமூடிக்கு 5 லிட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் நோயாளி தாம் வெளியிட்ட கரியமில வாயுவையே மீண்டும் உள்ளிழுக்க நேரும். சேமிப்புப் பை இணைந்த முகமூடிக்கு 10 முதல் 15 லிட்டர் வேண்டும். அப்பை சுருங்காமல் உப்பலாக நிற்கிறதா என்று பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும்.

எந்த அளவோடு நிறுத்துவது? கடும் நோயுற்றவர்களில் பெரும்பாலோர்க்கு இரத்தத்தில் பிராணவாயுச் செறிவு 94 முதல் 98 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஆண்டுக்கணக்கில் புகைபிடித்தோ, அடுப்புப் புகையில் வெந்தோ, நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களுக்கு 88 முதல் 92 வரை என்பதே பொதுவான இலக்கு. அத்தகையோர்க்குப் பிராணவாயுவை வரம்பின்றிக் கொடுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு தேங்கி, அறிவு மயங்கும் நிலை ஏற்படலாம். திணறுகிறவர்மீது இரக்கங்கொண்டு, குழாயை முழுவதும் திறந்துவிடும் மாணவன், அந்த இரக்கத்தாலேயே தீங்கு செய்துவிடக் கூடும். அதே சமயம், உயிருக்குப் போராடும் நெருக்கடியில் பிராணவாயு கொடுக்கத் தயங்கி நிற்பதும் பிழையே. முதலில் ஆபத்தை நீக்கி, பின்னர் அளவுக்குக் கொண்டு வருவதே முறை.

இச்செறிவைக் காட்டுவது விரலில் கவ்வும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1974-ஆம் ஆண்டில் கண்டறிந்த தத்துவத்தின்மேல் அமைந்த இச்சிறு கருவி இன்று பல வீடுகளிலும் இருக்கிறது. அதனை நம்பலாம்; கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. விரல் குளிர்ந்திருந்தாலும், கை நடுங்கினாலும், நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இருந்தாலும் எண் பிழைபடக் கூடும். நிறம் கறுத்த தோல் உடையவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வினால் பரவலாகத் தெரியவந்தது. நம்மவர்க்கு இது நினைவில் வைக்கத் தக்க செய்தி. கரிப்புகை நிறைந்த அறையில் மயங்கி விழுந்தவர்க்கு அது நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிராணவாயு எவ்வளவு என்று சொல்லும் அக்கருவி, கரியமில வாயு எவ்வளவு என்று சொல்லுவதே இல்லை. கோபன்ஹேகனில் இப்சன் கண்ட உண்மை அதுவன்றோ? ஆகவேதான் எண்ணைப் பார்க்கும் முன் ஆளைப் பார் என்று மாணவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

பிராணவாயு வரும் வழியையும் மாணவன் அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் மருத்துவப் பிராணவாயு சிலிண்டரின் உடல் கறுப்பு, தோள் வெள்ளை. பி வகைச் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டரும், டி வகையில் 7,000 லிட்டரும் வாயு அடங்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் செலவானால், பி வகை 150 நிமிஷம், அதாவது இரண்டரை மணி நேரம் வரும். டி வகை 700 நிமிஷம், அதாவது 11 மணி 40 நிமிஷம் வரும். அழுத்தமானி பாதி காட்டினால் நேரமும் பாதிதான். நோயாளியை ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு போகும்போது, இந்தப் பெருக்கல் வகுத்தலை முன்னரே போட்டுப் பார்க்காதவன், பாதி வழியில் வெறுஞ் சிலிண்டரோடு தவிக்க நேரும். பிராணவாயு தானே எரியாது. ஆனால் எரிவதை மூர்க்கமாக எரியச் செய்யும். ஆதலால் சிலிண்டரின் வாயில் எண்ணெயோ கிரீஸோ படலாகாது; அருகில் சுருட்டும் பீடியும் மட்டுமன்று, சுவாமி விளக்கும் ஊதுவத்தியும்கூட ஆகா.

மூன்றாவது பாடம் பை பிழிதல். கோபன்ஹேகன் மாணவர்கள் பயன்படுத்திய பைக்குச் சிலிண்டரிலிருந்து வாயு வந்தாக வேண்டும். 1956-இல் டென்மார்க்கிலேயே ஹென்னிங் ரூபன், ஹோல்கர் ஹெஸ்ஸே ஆகியோர், பிழிந்து விட்டதும் தானே விரிந்து வெளிக்காற்றால் நிரம்பும் பையைச் செய்தனர். இன்று நம் மருத்துவமனைகளில் ‘ஆம்பு’ என்று சொல்லும் பை அதன் வழி வந்ததே. இதனைப் பழகும் மாணவன் முதலில் நோயாளியின் தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து மோவாயை உயர்த்த வேண்டும். இல்லையேல் நாக்கு பின்னால் விழுந்து வழியை அடைத்துவிடும். பெருவிரலும் சுட்டுவிரலும் முகமூடியை வளையம்போல் அழுத்திப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பை மேலே தூக்க வேண்டும். முகமூடியை முகத்தின்மேல் அமுக்குவதைவிட, முகத்தை முகமூடிக்குள் தூக்குவதே சூட்சுமம். ஒருவர் கையால் இது சரிவர முடியாவிட்டால், ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பிடிக்க, மற்றொருவர் பையைப் பிழிவது சாலச் சிறந்தது.

நாடி துடித்துக்கொண்டு, மூச்சு மட்டும் நின்றுவிட்ட வளர்ந்தவர்க்கு ஆறு விநாடிக்கு ஒரு முறை, ஒரு விநாடி நேரம், மார்பு எழும்பும் அளவுக்குப் பிழிந்தால் போதும். வளர்ந்தவர் சாதாரணமாக ஒரு மூச்சில் இழுப்பது அரை லிட்டர் காற்றுதான். பையோ ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்வது. பதற்றமடைந்த மாணவன் இரண்டு விநாடிக்கு ஒரு முறை பையை முழுதும் பிழிந்து தள்ளுகிறான். மிகுதியான காற்று வயிற்றுக்குள் புகுந்து வாந்தியை வருவிக்கும். மார்புக்குள் அழுத்தம் ஏறி, இருதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும். ஆகவே பிழிவதற்கு முன் மனத்துக்குள் ஆறு வரை எண்ணப் பழக்குகிறார்கள். நெருக்கடியில் மெதுவாக எண்ணுவது எவ்வளவு கடினம் என்பது, அதைச் செய்து பார்த்தவர்க்கே தெரியும்.

நான்காவது பாடம் கோழையை உறிஞ்சி எடுத்தல். தாமே இருமித் துப்ப இயலாத நோயாளியின் மூச்சுக்குழலில் தேங்கும் கோழையை, மெல்லிய குழாயைச் செலுத்தி உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது கோழையோடு நுரையீரலில் உள்ள காற்றும் வெளியேறிவிடுகிறது. எனவே முன்னதாகப் பிராணவாயு கொடுத்து, குழாயை உள்ளே விடும்போது உறிஞ்சாமல், வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சி, 15 விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். இந்த 15 விநாடியின் நீளத்தை மாணவனுக்கு உணர்த்த ஆசிரியர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். குழாயை உள்ளே செலுத்தும் கணத்தில் உன் மூச்சையும் பிடித்துக்கொள்; உனக்கு எப்போது மூச்சு வேண்டியிருக்கிறதோ அப்போது அவருக்கும் வேண்டியிருக்கிறது என்று எண்ணிக் குழாயை எடுத்துவிடு என்பார்கள். பிறர் துன்பத்தைத் தன் உடம்பாலேயே அளக்கும் இந்த அளவுகோலுக்கு நிகரான கருவி வேறில்லை.

ஐந்தாவது பாடம் கையாலும் கருவியாலும் ஆவதன்று, சொல்லால் ஆவது. நோயாளியையே மூச்சுவிடப் பழக்குவது அது. அறுவைச் சிகிச்சைக்குப் பின், வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுபவர்களுக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும். அதைத் தடுக்க மூன்று பந்துகள் உள்ள ஒரு கண்ணாடி போன்ற பெட்டியைக் கொடுப்பார்கள். உங்களில் பலர் வீட்டில் அது இருக்கவும் கூடும். அதை ஊதிப் பந்தை எழுப்ப முயல்வோர் பலர். அது ஊதுவதற்கு உரியதன்று. உதட்டால் குழாயைக் கவ்வி, மெதுவாக உள்ளிழுத்து, பந்து எழுந்து நிற்க முயல வேண்டும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்துபவரும் இவ்வாறே தவறுவர். குப்பியைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக ஆழ இழுக்கத் தொடங்கும் போதே ஒரு முறை அழுத்தி, பின்னர் பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அடக்காமல் விட்டால் நுரையீரலில் படிய வேண்டிய மருந்தில் ஒரு பகுதி மூச்சோடு வெளியேறிவிடும்.

இந்த ஐந்தாவது பாடத்தில்தான், தமிழகத்தை விட்டு வெளியே வாழும் நமக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. மூச்சு முட்டுகிறவனிடம் நீண்ட விளக்கம் செல்லாது. அவன் தாய்மொழியில் இரண்டே சொற்கள் செல்லும். மாதுங்காவிலோ கரோல்பாக்கிலோ பெங்களூரிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, வீட்டில் ‘மூச்சை இழு, மெதுவா விடு’ என்று கேட்டவன். தெருவில் ‘ஸான்ஸ் லீஜியே’ என்று கேட்டவன். கன்னடத்தில் மூச்சுக்கு ‘உசிரு’ என்று பெயர். நம் ‘உயிர்’ என்ற சொல்லின் உறவு அது. இரண்டு மூன்று மொழிகளில் மூச்சைப் பற்றிப் பேசத் தெரிந்த மாணவன் கட்டிலருகே நிற்கும்போது, ஊர் விட்டு ஊர் வந்து நோயுற்றுக் கிடக்கும் முதியவர் ஒருவர் தம் மொழியைக் கேட்டு அச்சம் தணிகிறார். அச்சம் தணிந்தாலே மூச்சின் வேகமும் ஓரளவு தணிகிறது.

இவற்றையெல்லாம் புத்தகத்தில் படித்தால் வந்துவிடுமா? நீச்சலைக் கரையிலிருந்து கற்க முடியாததுபோல, இதையும் படித்து மட்டும் கற்க முடியாது. முதலில் பயிற்சிக்கென்றே செய்த பொம்மையின்மீது பழகுகிறார்கள். 1960-இல் நார்வே நாட்டவரான ஆஸ்முண்ட் லேர்டால் செய்த பெண் பொம்மை இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது. அடுத்து மாணவர் ஒருவர்க்கொருவர் மூச்சை எண்ணியும், முகமூடி அணிந்தும், அதன் இறுக்கத்தையும் புழுக்கத்தையும் தாமே அனுபவித்தும் பார்க்கிறார்கள். அதன் பின்னரே, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, நோயாளியின் அருகே செல்கிறார்கள். ஒரு முறை கற்றதோடும் முடிவதில்லை. பயிலாத கை சில மாதங்களிலேயே மறந்துவிடுகிறது என்பது ஆய்வுகளில் பலமுறை கண்ட உண்மை. வீணை வாசிப்பவர் நாள்தோறும் சாதகம் செய்வதுபோல, பை பிழியும் கையும் விட்டு விட்டேனும் சாதகம் செய்துகொண்டிருக்க வேண்டும்.

இந்தச் சாதகத்தைப் புறக்கணித்தால் நேரும் விலையை நாம் கண்ணாரக் கண்டோம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை நாட்டை உலுக்கியபோது, பிராணவாயுவுக்காக மக்கள் தெருத்தெருவாக அலைந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அதே நாட்களில், சில மருத்துவமனைகளில் புதிய வென்டிலேட்டர்கள் வந்து இறங்கியும், அவற்றை இயக்கப் பயின்றவர் போதாமையால் பயன்படாமல் கிடந்தன என்ற செய்தியும் பத்திரிகைகளில் வந்தது. இயந்திரத்தைப் பணம் கொடுத்து ஒரு வாரத்தில் தருவிக்கலாம். பழகிய கையை ஒரு வாரத்தில் தருவிக்க முடியாது. அது ஆண்டுக்கணக்கில் வளர்வது. ஆபத்து வருவதற்கு முன்பே வளர்த்து வைக்க வேண்டியது.

நம் நாட்டில் இத்துறையில் பட்டப் படிப்பு உண்டு. மணிப்பாலிலும், வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும், வேறு சில இடங்களிலும் இதனைக் கற்பிக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் ஆகியவற்றைப் படித்துத் தேறியவர்கள் சேரலாம். இத்தகைய துணை மருத்துவத் தொழில்களின் கல்வியையும் தரத்தையும் ஒழுங்கு செய்வதற்கென்றே 2021-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றித் தேசிய ஆணையம் ஒன்றை ஏற்படுத்தியது. மருத்துவராவது ஒன்றே மருத்துவத் துறையில் நுழையும் வாயில் என்று எண்ணி, அது கிட்டாத பிள்ளைகளை மனமுடையச் செய்யும் பெற்றோர், இந்த வாயிலையும் ஒரு முறை எட்டிப் பார்ப்பது நலம்.

வீட்டில் இருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. இங்கே கூறியவற்றுள் மூச்சை எண்ணுவதும், இன்ஹேலரை முறையாகப் பயன்படுத்துவதும் யாவரும் செய்யத் தக்கவை. பிராணவாயுவின் அளவைத் தாமாகவே கூட்டுவதும், கோழையை உறிஞ்சுவதும், பயிற்சியின்றிச் செய்யத் தக்கவை அல்ல. குழந்தையின் மூச்சு மேலே கூறிய எண்ணிக்கையை எட்டினாலும், விலா இடுக்கு உள்வாங்கினாலும், பெரியவர் ஒருவர் மூச்சு வாங்கிப் பேச இயலாமற் போனாலும், கைவைத்தியம் பார்த்துக் காலம் கழிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

1952-இல் அந்தக் கோபன்ஹேகன் அறைகளில், தூக்கம் கண்ணைச் சுழற்ற, இரவு முழுதும் பை பிழிந்த மாணவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியா. அவர்களால் பிழைத்த குழந்தைகளுள் பலருக்கும் தெரிந்திரா. குழலால் வாய் பேச முடியாத அக்குழந்தைகள், காற்று போதவில்லை என்பதை முகக்குறிப்பால் உணர்த்த, மாணவர்கள் அதை அறிந்து கையை மாற்றினார்கள். முகம் பார்த்துக் கை அறிந்த அந்தப் பழக்கமே இன்றும் மாணவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டிய முதற் பாடமும் முடிவான பாடமும் ஆகும். நாள்தோறும் நாம் எண்ணாமல் விடும் 21,600 மூச்சில் ஒன்று தடுமாறும்போது, அதை எண்ணிக்கொண்டு பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும். அவர் அளவறிந்தவராகவும் இருத்தல் வேண்டும்.